ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம்!

பாங்கில் கிளார்க்காகச் சேர்ந்தால் பயிற்சி உண்டு. பஸ் கண்டக்டருக்குப் பயிற்சி உண்டு. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த என் அக்கா மகனை மூன்று மாதம் ஏ.ஸி. ரூமில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும் என்பது உட்பட. அவன் வேலையில் அதிகபட்சம் நடக்கக்கூடிய விபத்து, கீபோர்டில் காபி கொட்டுவது.

அவன் வயதுப் பையன் ஒருவன் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, நாலு மாடிக் கட்டட வேலையில் ஹெல்பராகச் சேருகிறான். அவனுக்குக் கிடைக்கும் மொத்தப் பயிற்சியையும் ஒரு வார்த்தை விடாமல் இங்கே தருகிறேன்:

"டேய் புதுசு, அந்தப் பாண்டைத் தூக்கிட்டு மேல போ!"

அவ்வளவுதான். கோர்ஸ் முடிந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர் கண்டிப்பாகச் சாரத்தில் ஏறியிருக்க மாட்டார். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பணம் எண்ணிக் கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். ஏறியவரைக் கேட்டிருந்தால் பழமொழி வேறு மாதிரி வந்திருக்கும்.

சாரம் இல்லாத தெரு உண்டா?

நான் செம்பாக்கத்துவாசி. தாம்பரம் - வேளச்சேரி ரோட்டில் தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறவன். ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கௌரிவாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருவுக்கு ஒரு சவுக்குச் சாரம். முப்பது வருடத்துக்கு முன் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஆசையாகக் கட்டிய தனி வீட்டை இடித்து, அந்த இடத்தில் எட்டு ஃபிளாட். 2021-ல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஊர் பெரிதாகிவிட்டது. ஏரி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி வீடுகள் மேலே மேலே ஏறுகின்றன.

காலை ஏழரை மணிக்கு டீக்கடையில் நின்றால் விழுப்புரம் தமிழ், ஒரிய மொழி, பெங்காலி, பீகார் இந்தி எல்லாம் ஒரே கிளாஸில் கலந்து கிடைக்கும். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். நேற்று வரை வயலில் நின்றவன் இன்று மூன்றாவது மாடி விளிம்பில் நிற்கிறான். வயலிலிருந்து விழுந்தவன் யாரும் கிடையாது. மூன்றாவது மாடி அப்படி இல்லை.

எங்கள் ஏரியாவில் ஒரு கட்டடத்தில் மட்டும் புது ஆட்களை முதல் நாள் காலையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை லீவில் போய் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்ச் என்றால் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி.

"போலீஸ் பிடிக்கும் சார்!"

கிளாஸ் எடுத்தவர், அனல்மின் நிலையங்களிலும் பாலங்களிலும் முப்பது வருடத்துக்கு மேல் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிஷன். "போட்டா வேற எந்த பில்டரும் என்னை கேட்டுக்குள்ள விட மாட்டான்" என்று சிரித்தார். ஆகவே, இந்தக் கட்டுரையில் அவர் வெறும் 'சார்'.

மாணவர்கள் பதினான்கு பேர். ஐந்து பேர் நம்மூர்க்காரர்கள். மீதிப் பேர் ஒடிசா, பீகார். ஓரளவு தமிழ் கற்றுக்கொண்ட ஒடிசாப் பையன் ஒருவன்தான் மொழிபெயர்ப்பாளர். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி. முகத்தில் 'நேரம் போகுதே' என்ற கவலை. வாசலில் ரெடிமிக்ஸ் லாரி வரப்போகிறதாம்.

"ஹெல்மெட் எதுக்குப் போடணும்?" - சாரின் முதல் கேள்வி.

"போலீஸ் பிடிக்கும் சார்!" என்றான் முன்வரிசைப் பையன். கொல்லென்று சிரிப்பு. மொழிபெயர்த்த பிறகு ஒடிசா பக்கமும் ஒரு தவணை சிரிப்பு வந்தது.

சார் சிரிக்கவில்லை. ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தார். "இது பத்து மீட்டர் உயரத்துல, அதாவது மூணாவது மாடியில இருந்து கை நழுவுது. கீழ வர எவ்வளவு நேரம் ஆகும்?"

பத்து விநாடி, ஐந்து விநாடி என்று ஏலம் போனது.

"ஒன்றரை விநாடி கூடக் கிடையாது. கீழ வரும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். நீ விழுந்தாலும் அதே வேகம்தான். சுத்தியலுக்கு ஒண்ணு, மனுஷனுக்கு ஒண்ணுன்னு பூமி கணக்கு வெச்சுக்கறதில்ல. 'ஐயோ அம்மா'ன்னு முழுசா சொல்லி முடிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால விழுந்த பிறகு பிடிச்சுக்கலாம்ங்கற ஐடியாவை இங்கேயே விட்டுடு."

பையன்கள் தன்னிச்சையாக அண்ணாந்து மேலே பார்த்தார்கள். நானும்தான்.

கொல்லும் நாலு பேர்

கட்டட வேலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நாலே நாலு விஷயம் என்றார் சார். உயரத்திலிருந்து விழுவது. மேலேயிருந்து வந்து விழுவது. மண்ணிலோ மெஷினிலோ சிக்குவது. கரண்ட். அமெரிக்காவிலும் புது ஆளுக்கு முதல் பாடம் இந்த நாலும்தானாம். எமனுக்கு எந்த ஊரிலும் ஒரே சிலபஸ்.

முதலில் பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் வேண்டாம். அதோடு விழுந்தால் இடுப்பும் முதுகும் ஒடியும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். ஒரு பையனுக்குப் போட்டுவிட்டு, "இப்ப இவன் பத்திரமா?" என்று கேட்டார்.

"பத்திரம் சார்!"

"இல்ல. கொக்கி எங்க?"

கொக்கி அவன் இடுப்பிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தது.

"பெல்ட் போட்டுக்கிட்டே செத்தவங்களை நான் பார்த்திருக்கேன். போட்டான், மாட்டலை. எதுல மாட்டறதுங்கறதும் முக்கியம். சாரக் கம்புல மாட்டாதே, சாரம் சாஞ்சா உன்னையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகும். அசையாத இடத்துல, தலைக்கு மேல மாட்டு. ரெண்டு கொக்கி இருக்குல்ல? நகரும்போது ஒண்ணை மாட்டிட்டு அப்புறம் இன்னொண்ணை எடு. எப்பவும் ஒரு கொக்கி பூட்டி இருக்கணும்."

அடுத்து சாரம். கயிற்று முடிச்சைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஏறி நிற்கும் பலகை இரண்டு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். கட்டாத பலகையின் ஓரத்தில் கால் வைத்தால் மறுமுனை எழுந்து சல்யூட் அடிக்கும். லிஃப்ட் பள்ளத்தையும் தளத்தில் விட்டிருக்கும் ஓட்டையையும் சும்மா பிளைவுட் போட்டு மூடக் கூடாது. அது மூடி இல்லை, பொறி. தெரியாமல் கால் வைப்பவன் பலகையோடு உள்ளே போவான். சுற்றிலும் தடுப்பு கட்ட வேண்டும்.

ஜீரோ வாட்ஸ் எமன்

கரண்ட் பாடத்தில்தான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஜீரோ வாட்ஸ் பல்பு தெரியுமா? ராத்திரி சாமி படத்துக்கு முன்னால எரியுமே, பழைய குண்டு பல்பு. அது உண்மையில 15 வாட். நம்ம 230 வோல்ட்ல அது இழுக்கிற கரண்ட் சுமார் 65 மில்லி ஆம்பியர். அந்தக் கரண்ட் நெஞ்சு வழியா போச்சுன்னா ஆளை முடிக்கப் போதும். ஷாக் அடிச்சா உதறித் தள்ளிடும்னு நினைக்காதே. கை இறுகிப் பிடிச்சுக்கும், விடாது."

கட்டட வேலையில் எப்போதும் ஈரம். கியூரிங் தண்ணீர், கலவைத் தண்ணீர், வேர்வை. நடுவே எக்ஸ்டென்ஷன் வயர் பாம்பாகக் கிடக்கும். பிளக் உடைந்திருந்தால் நம்மூர் டெக்னிக் என்ன? வயரை வாயால் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குவது. இதை சார் சொன்னதும் மேஸ்திரி உட்படப் பலர் தரையைப் பார்த்தார்கள்.

மாற்று வழி ரொம்பச் சுலபம். தற்காலிக கனெக்‌ஷன் போர்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று. எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் கரண்ட்டை வெட்டிவிடும். அதற்கு மேல் ஒழுங்கான எர்த், ஒழுங்கான பிளக்.

இன்னொரு எமன் வாசலில் தொங்கும் ஈ.பி. லைன். கம்பி கட்டும் வேலைக்கு வரும் முறுக்குக் கம்பியின் நீளம் 12 மீட்டர். மாடியில் அதை நிமிர்த்தித் திருப்பினால் மறுமுனை எங்கே போகிறது என்று தூக்குபவனுக்குத் தெரியாது. போய் லைனைத் தொட்டபின் தெரிந்து பிரயோஜனம் இல்லை. 11 ஆயிரம் வோல்ட் லைன் என்றால் தொடக்கூட வேண்டியதில்லை, ரொம்பக் கிட்டத்தில் போனாலே தாவும். நீளக் கம்பியை இரண்டு பேர் படுக்கை வசமாகத் தூக்க வேண்டும். மூன்றாவது ஆள் லைனைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

மண்ணும் தொட்டியும்

அஸ்திவாரப் பள்ளம் பற்றிப் பேசும்போது சார் ஒரு கணக்கு போட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள மண் கட்டி ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒரு அம்பாஸடர் காரை விட அதிகம். நெஞ்சு வரை மண் மூடினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. விலா எலும்பு விரிய இடமே இருக்காது.

ஆகவே, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமாக வெட்டினால் பக்கவாட்டில் பலகை கொடுத்து முட்டுக் கட்ட வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்கக் கூடாது. குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். ஏரிக்கரை ஊரில், ஐப்பசி மழைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டுகிறவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தரம் படிக்கவும்.

கடைசியாக ஒரு விஷயம் சொன்னார். பலருக்குத் தெரியாதது. புதிதாகக் கட்டிய சம்ப்புக்கும் செப்டிக் டாங்குக்கும் மேல் தளம் போட்டு, சில வாரம் மூடி வைப்பார்கள். பிறகு சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மேன்ஹோல் வழியாக ஒருவன் இறங்குவான். தொட்டி புதுசு, சாக்கடை ஒரு சொட்டு கிடையாது, அப்புறம் என்ன பயம்? ஆனால் மூடிய இடத்தில் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். இறங்கியவன் சத்தமே இல்லாமல் மயங்கி விழுவான். அவனைக் காப்பாற்ற அடுத்தவன் குதிப்பான். அப்புறம் மூன்றாமவன்.

"காப்பாத்தப் போறவன்தான் அடுத்த பிணம். உள்ள ஒருத்தன் விழுந்துட்டா இறங்காதே. கத்து. 101-க்கு போன் பண்ணு. மூடியை எல்லாம் திற. காத்தடி. இறங்கறதுக்கு முன்னாடியே மூடியைத் திறந்து போட்டு, ஃபேன் வெச்சுக் காத்து அடிச்சு, இடுப்புல கயிறு கட்டி, மேல ரெண்டு பேர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தா இந்தக் கதையே வராது."

மொழிபெயர்ப்பாளன் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

சூரியனுக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது

பதினான்கு பேரில் மூன்று பேர் மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்ட வந்தவர்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு சோலாருக்கு மானியத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து இவர்களுக்கு நல்ல கிராக்கி. இவர்களுக்குத் தனியாகப் பத்து நிமிடம்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டா கரண்ட் போயிடும்ங்கறது ஈ.பி. கரண்டுக்கு. சூரியனுக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது. வெயில் இருக்கற வரைக்கும் பேனல்ல கரண்ட் இருக்கும். வரிசையா நாலஞ்சு பேனலைச் சேர்த்தா நூத்துக்கணக்கான வோல்ட். அதுவும் டி.சி. ஓடிக்கிட்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினா பொறி பறக்கும், லேசுல அணையாது. முதல்ல ஸ்விட்ச், அப்புறம்தான் கனெக்டர்."

பேனல் அகலமானது. காற்று அடித்தால் பட்டம் மாதிரி இழுக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவன் பட்டத்தின் வால். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். ஷீட் உடையும் முன் எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது.

லைன்மேன்களுக்கும் இதே மாதிரி வரிசைப் பாடம் உண்டு. லைன் கிளியர் வாங்கு, ஸ்விட்சைத் திறந்து பூட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் பண்ணு, எர்த் ராடு மாட்டு, பிறகு ஏறு. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓட்டும் வீடுகளில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைக்காமல் நேரே லைனில் கொடுத்தால், அந்தக் கரண்ட் ரிவர்ஸில் போஸ்டுக்குப் போகும். அங்கே ஒருவர் 'லைன் செத்துக் கிடக்கிறது' என்று நம்பிக் கை வைத்திருப்பார். நாம் வீட்டுக்குள் டி.வி. பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு கேள்வி

ஒரு மணி நேரம் முடியப் போகிறது. வெளியே ரெடிமிக்ஸ் லாரி வந்து ஹாரன் அடித்தது. மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். "யாருக்காவது சந்தேகம்?" என்றார் சார்.

திருவண்ணாமலைப் பையன் - பத்தொன்பது வயது இருக்கும் - கையைப் பாதி தூக்கினான்.

"சார், மேல போனதும் எனக்கு பயமா இருந்துச்சுன்னா... பெல்ட் இல்லன்னா... ஏற மாட்டேன்னு சொல்லலாமா? சொன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவாங்களா?"

யாரும் பேசவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது.

சார் பதில் சொல்லவில்லை. திரும்பி, "நீங்க சொல்லுங்க மேஸ்திரி" என்றார்.

மேஸ்திரி இதை எதிர்பார்க்கவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"என் சம்சாரத்தோட தம்பி. இப்படித்தான் புதுசா வந்தான். என்கிட்ட இல்ல, வேற ஆள்கிட்ட. சாரம் ஆடுதுன்னு ராத்திரி ரூம்ல சொல்லியிருக்கான். காலைல மேஸ்திரிகிட்ட சொல்லலை. சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பாங்க, வேலை போயிடும்னு. ரெண்டாவது மாடிதான். முதுகு போச்சு. இப்ப ஊர்ல படுக்கையில இருக்கான்." நிறுத்தினார். "கூப்பிடுவேன்டா. எல்லார் முன்னாலயும் சொல்றேன். பயமா இருக்குன்னு சொல்றவனை நாளைக்கும் கூப்பிடுவேன். ஆனா இன்னொரு மேஸ்திரி கூப்பிடுவானான்னு என்னைக் கேக்காதே. அது எனக்குத் தெரியாது."

பிறகு வெளியே போய் லாரி டிரைவரிடம், "அஞ்சு நிமிஷம் நில்லுப்பா, பசங்க பெல்ட் போட்டுக்கட்டும்" என்றார்.

அன்று நான் கேட்ட பாடங்களில் இதுதான் உசத்தி. ஹெல்மெட் மாட்டச் சொல்லிக் கொடுப்பது பாதிப் பயிற்சி. 'மாட்டேன்' என்று சொல்லலாம் என்று சொல்லிக் கொடுப்பதும், அப்படிச் சொன்னவனை மறுநாளும் கூப்பிடுவதும் மீதிப் பாதி. அது இல்லாத பயிற்சி, போட்டோவுக்குப் போட்ட ஹெல்மெட்.

மௌலிவாக்கமும் எண்ணூரும்

எல்லாப் பழியையும் தொழிலாளி தலையில் கட்டிவிடவும் கூடாது. செம்பாக்கத்திலிருந்து ஒன்றும் தூரமில்லை மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 சாயங்காலம், மழை நேரத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பதினோரு மாடியை எந்த ஹெல்மெட்டும் தாங்காது. அங்கே பயிற்சி தேவைப்பட்டது கீழே இருந்தவர்களுக்கு அல்ல. வரைந்தவர்களுக்கும், கட்டியவர்களுக்கும், கையெழுத்துப் போட்டவர்களுக்கும்.

2025 செப்டம்பர் 30. எண்ணூரில் கட்டிவரும் அனல்மின் நிலையத்தில் உயரத்தில் அமைத்த இரும்பு அமைப்பு சரிந்து 9 பேர் பலி. அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளர்கள். நமக்குக் கரண்ட் வர வேண்டும் என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்.

இரண்டு இடத்திலும் ஒரு பாடம் பொது: வேலை செய்பவன் மொழி வேறு. தமிழில் எழுதிய 'அபாயம்' போர்டு ஒடிசாக்காரனுக்கு வெறும் கோலம். செம்பாக்கம் சார் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். கிளாஸ் முடிவில் பதினான்கு பேரையும் 'ஸ்டாப்!' என்று அடித்தொண்டையில் கத்த வைத்தார். யார் கத்தினாலும், எந்த மொழிக்காரன் கத்தினாலும், இன்ஜினீயர் உட்பட எல்லாரும் கையிலிருப்பதை நிறுத்த வேண்டும். சைட்டுக்கு ஒரே பாஷை, ஒரே வார்த்தை.

சிங்கப்பூர்ல மட்டும் எப்படி?

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகிறவர் பாதுகாப்புக் கோர்ஸ் பாஸ் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் பர்மிட் கிடையாது. கோர்ஸ் தமிழிலேயே நடக்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை மறுபடியும் பாஸ் பண்ண வேண்டும். அங்கே கொக்கி மாட்டாமல் ஓர் அடி ஏற மாட்டார். அதே அண்ணன் லீவில் ஊருக்கு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டி, ஓவர்ஹெட் டாங்க் விளிம்பில் செருப்போடு ஏறி நிற்பார். ஆள் அதே ஆள்தான். அங்கே கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார், இங்கே கேட்டால் "உனக்கென்னப்பா?" என்கிறோம்.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. மத்திய அரசின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-ல் வந்தது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு. பிளான் அப்ரூவல் வாங்கும்போது கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டுகிறோமே, அது இந்த வாரியத்துக்குத்தான் போகிறது. 'உன் பெயர் வாரியத்தில் பதிவாகியிருக்கிறதா?' என்று உங்கள் கொத்தனாரைக் கேட்டால் தப்பில்லை.

சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் சின்ன வீடுகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. சட்டம்தான் விலக்குக் கொடுத்திருக்கிறது. புவியீர்ப்பு விசை கொடுக்கவில்லை.

வீடு கட்டப் போகிறீர்களா?

லோன் சாங்ஷன் ஆகி, பூஜை போட நாள் பார்த்துவிட்டீர்களா? எஸ்டிமேட்டில் இந்த ஆறு வரிகளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்:

1. வருகிற எல்லாருக்கும் ஹெல்மெட். நீங்கள் பார்க்கப் போனால் உங்களுக்கும் ஒன்று.

2. உயரத்தில் வேலை செய்பவருக்கு முழு உடல் பெல்ட், மாட்ட உறுதியான இடம். பாத்ரூமுக்கு ஆசைப்பட்டு வாங்கப் போகும் அந்த ஃபாரின் குழாயின் விலையை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

3. தற்காலிக கரண்ட் போர்டில் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர். வீடு முடிந்ததும் அதை உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், நஷ்டமே இல்லை.

4. மாடி விளிம்பிலும் லிஃப்ட் பள்ளத்திலும் தடுப்பு.

5. மூடிய தொட்டிக்குள் காற்றடிக்காமல், கயிறு கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது.

6. புது ஆள் வந்தால் முதல் நாள் ஒரு மணி நேரம், அவனுக்குப் புரிகிற மொழியில். அந்த ஒரு மணிக்கும் கூலி உண்டு.

ஆறாவதைக் கேட்டதும் கான்ட்ராக்டர், "சார், வேலை லேட்டாகும்" என்பார். ஆகும், ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தால் எவ்வளவு லேட்டாகும் என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

வீடு கட்டாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வழியில் உங்கள் தெரு சைட்டில் பாண்டு தூக்கும் புதுப் பையனிடம், "தம்பி, முதல் நாள் உனக்கு யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேளுங்கள். அவன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். மேஸ்திரி இன்னும் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் ஐந்தாவது ஆள் கேட்பதற்கு முன்னால் சாரக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள்.